ஒயில் திரும்பும் வழி

செங்கலடிச் சந்தியிலிருந்து என் லேத் பட்டறை வரைக்கும்
நீலமாய் ஒரு வால்.
இறங்க முதலே சஜாத் சொன்னான்:
"சீல் போயிற்றக்கா. ஜப்பான் டர்போ எண்டு
நாற்பத்தையாயிரம் குடுத்தன்."

எண்ணூறு சீசீ மாருதி.
பின்சீற்றைக் கழற்றிய இடத்தில் மீன் ஐஸ்பெட்டி.
லுணுகலை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதென்று
மூச்சை விலைக்கு வாங்கிப் பூட்டியிருக்கிறான்.

சீல் போகவில்லை, குனிந்து பார்.
வருகிற குழாய்க்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன்.
பிரஷர் சுவிட்ச் இருந்த துளையில் பித்தளை டீ,
பேனை மொத்தத்தில் வலை பின்னிய பைப்,
இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர்.
மினுக்கித்தான் வைத்திருக்கிறாய்.
போகிற குழாயை
யோசிக்கவில்லை.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று, அந்தத் தண்டு.
இரும்பு இரும்பைத் தொடுவதில்லை.
தலைமயிரிலும் மெல்லிய ஒயிலில் மிதக்கிறது.
உள்ளே வர பம்ப் தள்ளும்.
வெளியே போகையில் தள்ள ஆளில்லை,
நுரைத்து, வெந்து,
தன் பாரத்தில் தானே விழ வேண்டும்.
அதற்கு நீ விட்டிருப்பது அரை அங்குல றப்பர்,
நடுவில் மடிந்து,
முடிகிற இடமோ சம்பின் அடி, ஒயில் மட்டத்துக்கும் கீழே.
நிறைந்த வாளிக்குள் எதை ஊற்றுவாய்?
இடம் கிடைக்காதது சீலைப் பிதுக்கிக்கொண்டு
சைலன்ஸருக்குள் போய் எரிகிறது.

எனக்கு இது பழக்கம்.
ஒரு மார்கழியில் நாலு நாள்
எங்கள் தன்னாமுனை வீட்டுக்குள் வாவி படுத்திருந்தது.
மோட்டரைக் கழற்றிப் பரணில் ஏற்றினோம்.
எல்லோரும் மழையைத் திட்டினார்கள்.
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை என்றார்
முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் புருஷன்.
வெட்டு என்றார்கள் வயல்காரர்.
இறால் போயிடும், பொறு என்றார்கள் தோணிக்காரர்.
ஐந்தாம் நாள் மண்திட்டில் ஒரு பெக்கோ கீறியது,
ஆள் படுக்கிற அகலம்.
மறுகா மிச்சத்தைத் தண்ணியே வெட்டிக்கொண்டது.
இருட்ட முதல் என் வாசற்படி தெரிந்தது.

சம்பைக் கழற்றினேன்.
பழைய துளைக்குத் தகடு வைத்து வெல்டிங்,
ஒயில் மட்டத்துக்கு மேலே புதுத் துளை,
கட்டைவிரல் போகிற பருமனில் நிப்பிள்.
டர்போவின் வயிறு நேரே கீழே பார்க்கும்படி
நாலு ஆணியைத் தளர்த்தித் திருப்பினேன்.
சஜாத் லாம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
"அகராதியில ஒயில் எண்டால் அழகாமே."
இருக்கும்.
என் முழங்கை வரை வழிகிறது.

உடனே ஸ்டார்ட் பண்ணாதே.
கொயில் வயரை இழு. நெருப்பில்லாமல் சும்மா சுற்று.
கீழ்க் குழாயைப் பூட்டவில்லை,
பால்மா டின்னை ஏந்தியிருக்கிறேன்.
சுற்று. நிறுத்து. பற்றரி ஆறட்டும்.
சுற்று.
ஒன்றுமில்லை.
பக்கத்துப் பள்ளியில் அஸர் பாங்கு தொடங்கி முடிந்தது.
சுற்று.
டின்னுக்குள் ஒரு சத்தம்.
பிறகு நூல் மாதிரி, அறாமல்.

மூன்று பேர் சைலன்ஸர் வாயைப் பார்த்து நின்றோம்.
வெறும் காற்று, சூடான காற்று.
சஜாத் சிரித்தான், திறப்பை அணைக்கப் போனான்.
கையைத் தட்டிவிட்டேன்.
ஓடிவந்த உடனே நிற்பாட்டினால்
உள்ளே மாட்டின ஒயில் கரியாகும், தம்பி.
ஒரு நிமிஷம் சும்மா இரைய விடு.
பசறையில் மீன் வாங்க நிற்கிற சனம்
அந்த ஒரு நிமிஷத்தில் ஓடிவிடாது.

இரவு காரின் அடியில் பழைய பேப்பர் விரித்தேன்.
விடியப் பார்த்தால்
நடுப்பக்கத்தில் ஒரு ஈரம், ஒரு ரூபாய் அகலத்தில்.
நெஞ்சு திக்கென்றது.
விரலால் தொட்டு மணந்தேன்.

கணவாய்.
ஐஸ்பெட்டி ஒழுகியிருக்கிறது.
அது என் வேலையில்லை.